மலையடிக் குளத்து அம்மனிடம் போனது

1942, பங்குனி, வியாழன் இரவு.

காலையில் துறைமுகத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். எண்ணெய் சேர்த்து வைக்கிற தாங்கியடியில் வேலை செய்கிற என் மனுசன் இன்னும் வரவில்லை. நானும் அவருடைய தங்கையான மச்சாளும் பிள்ளைகளோடு வண்டியேறித் தம்பலகாமம் வந்துவிட்டோம்.

பின்னேரம் மச்சாளையும் கூட்டிக்கொண்டு மலையடிக் குளத்து அம்மன் கோயிலுக்கு ஓடினேன். மலைக்கு அப்பால் புகை கறுப்பாக நின்றது. அர்ச்சனைக்கு ஐயர் அவருடைய நட்சத்திரத்தைக் கேட்டார். எட்டு வருடம் குடும்பம் நடத்தியவள், எனக்கு நினைவு வரவில்லை. பேரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"பயப்படாதேங்கோ பிள்ளை, அம்மாளுக்குத் தெரியும்," என்றார் ஐயர்.

வெளியே வந்தால், என் மனுசனோடு வேலை செய்கிற கிண்ணியா ஊர் முஸ்லிம் நானா குளத்தில் முகம் கழுவிக்கொண்டு நின்றார். சட்டை முழுக்கக் கரி. ஓடிப்போய்க் கேட்டேன்.

"ஓம் தங்கச்சி, காலமை கண்டனான். தாங்கியடியில நிண்டவர்."

குண்டு விழ முன்னமா, பிறகா? மச்சாள் கேட்க வாயெடுத்தாள். நான் அவளுடைய கையை இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"அப்பாவைக் கண்டவையாம்," என்று சொல்லிப் பிள்ளைகளைப் படுக்க வைத்தேன். நம்பித் தூங்கிவிட்டார்கள். மச்சாள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடக்கிறாள். அவளுக்கு இருக்கிறது அந்த ஒரு அண்ணன்தான்.