எட்டு மைக்குக்கு ஒரு பெட்டி

செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி

அன்பு மகளுக்கு,

நீங்கள் நால்வரும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு முழங்காலைத் தவிர வேறு குறை இல்லை என்று எழுதத்தான் ஆசை. உன் தம்பி இருக்கிறானே.

இந்தக் கடிதத்தை மாடி வீட்டு டீச்சர் இன்றிரவு விமானத்தில் எடுத்து வருகிறார். வியாழன் காலை உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். போன் செய்திருக்கலாமே என்று கேட்காதே. அவன் லீவு போட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறான். நான் எந்த அறையில் நின்று பேசினாலும் அவன் காதில் விழும்.

மூன்று வாரமாகத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன். சாப்பாட்டு மேஜை அவன் வசம். உப்பு ஜாடியில் திருகாணி. என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் டிரான்சிஸ்டர். நீ அனுப்பிய மேஜைவிரிப்பில் சூட்டுக்கோல் பட்ட மாதிரி ஒரு ஓட்டை. கேட்டால், "அது மேல தட்ட வெச்சுட்டா தெரியாதும்மா" என்கிறான். தட்டை வைக்கத்தான் இடமில்லையே.

அப்படி என்ன செய்கிறான் என்றால், ஒரு பெட்டி. மைக்கில் விழும் குரல் எறும்பு அளவுதான் இருக்குமாம். கம்ப்யூட்டரில் பதிய வேண்டுமானால் அதை முதலில் பெரிதாக்க வேண்டுமாம். அதற்கு ப்ரீஆம்ப் என்று பெயர். ஒரு மைக்குக்குச் செய்தால் போதாதா என்றேன். எட்டு வேண்டுமாம். வாடகைக்கு எடுத்துத் தொலை என்றேன். வாடகைப் பெட்டி சித்தி குரலுக்குச் சரிப்படாதாம். கார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவனுக்கு எது சரிப்படும் என்று தெரிந்துவிட்டது.

எட்டு ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். உன் சித்தியின் தொண்டைக்கட்டியைப் பற்றிப் போன முறை எழுதினேன். வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன். குரல்வளையையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிறகு ஏதோ கருவி வைத்துப் பேசலாமாம். பாட்டைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு முன் அவள் பாட்டைப் பதிந்துவிட வேண்டும் என்று உன் தம்பி பிடித்த பிடியில் நிற்கிறான். அவளோ தனியாகப் பாட மாட்டேன் என்கிறாள். "தனியா நிறுத்தி வெச்சுப் பாடச் சொன்னா வழியனுப்புற மாதிரி இருக்குடா. எப்பவும் போல எட்டுப் பேருல ஒருத்தியா பாடுறேன்" என்றாளாம். நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் நாங்கள் கூடிப் பாடுகிற எட்டுக் கிழவிகளைத்தான் சொல்கிறாள். ஆளுக்கொரு மைக் வைத்தால், நாளைக்கு அவள் குரலை மட்டும் தனியே எடுத்துக் கேட்கலாம். அதனால் எட்டு. வருகிற சனிக்கிழமைதான் பதிவு. இதை அவன் அவளிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

அவளுக்கு இதெல்லாம் விளையாட்டு. நேற்றுக்கூட, "இனிமே நீ பேசுறதை நான் பதில் பேசாம கேட்டுக்கிட்டே இருக்கணும்க்கா. அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு" என்றாள். நான் சிரிக்கவில்லை.

பெட்டி பாடுகிறது, ஆனால் கூடவே முனகுகிறது. மைக்கைச் சொருகினால் சுவருக்குள் வண்டு புகுந்த மாதிரி ம்ம்ம் என்று ஓயாத சத்தம். அவன் கம்பிகளைப் பிரித்துக் கட்டினான். டிரான்ஸ்பார்மரை மாற்றினான். ஃப்ரிட்ஜை நிறுத்தச் சொன்னான், பால் கெட்டது. எதிர்வீட்டில் மோட்டார் போடக்கூடாது என்று போய்ச் சொல்லிவிட்டு வந்தான். எனக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை.

இனி எழுதப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி.

எல்லாவற்றையும் வைத்து மூட அவன் எங்கிருந்தோ ஒரு துருப்பிடித்த இரும்புப் பெட்டி கொண்டுவந்தான். அதை என் மேஜைமேல் பார்க்கச் சகிக்கவில்லை. உள்ளே வேலை தொடங்கும் முன், அவன் ஆபீஸ் போயிருந்த நாளில், ஜன்னலுக்கு அடித்த பெயிண்டில் மீதியை எடுத்து இரண்டு கை பூசினேன். உள்ளே ஒரு போல்ட்டைச் சுற்றிக் கால் ரூபாய் அகலத்துக்குத் தகரம் தெரியச் சுரண்டியிருந்தான். அரைகுறை வேலை, அவனுடைய வழக்கம் என்று நினைத்தேன். போல்ட்டைக் கழற்றி, அங்கேயும் வழுவழுவென்று பூசி, காய்ந்தபின் திரும்ப மாட்டினேன். சாயங்காலம் வந்து பார்த்து, "கடையில வாங்கின மாதிரி இருக்கும்மா" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது.

போன வெள்ளிக்கிழமை ரேடியோ கடைக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். அவர் குரல் சமையலறை வரை கேட்டது. "எர்த் போல்ட்டு வெறும் தகரத்துல உட்காரணும் தம்பி. பெயிண்ட் இருந்தா முனகத்தான் செய்யும். சுரண்டிட்டீங்கல்ல?"

"முதல் வேலையா அதைத்தாண்ணே செஞ்சேன்" என்றான் இவன்.

நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பத்து வயதில் அப்பாவின் ரேடியோவைத் தொட்டதற்கு அவனை ஒரு மணி நேரம் முட்டிபோட வைத்தவள் நான். பிறர் பொருளைக் கேட்காமல் தொடாதே என்று நூறு முறை எழுத வைத்தேன். எந்த வாயால் சொல்வது? யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று, அவன் குளிக்கும்போதெல்லாம் அந்தப் போல்ட்டோடு மல்லுக்கட்டினேன். இப்போது கம்பி மாட்டி இறுக முடுக்கியிருக்கிறான். என் விரல்களுக்கு அசையவில்லை.

உனக்கு முதலில் எழுத நினைத்தது வேறு. நீ போன் செய்து, போகிற போக்கில், போல்ட்டுக்கு அடியில் பார்த்தாயா என்று உன் யோசனை போலக் கேள் என்று எழுத இருந்தேன். நேற்று இரவு அவன் பெட்டியை மூடிவைத்துவிட்டு, "என் கைக்கு எதுவும் வராதும்மா. நீ சொல்றது சரிதான். வியாழக்கிழமை சித்தியப் பார்த்து நானே முடியலேன்னு சொல்லிடுறேன்" என்றான். நான் அப்படிச் சொன்னது எப்போது என்று யோசித்தேன். எப்போது சொல்லவில்லை என்றுதான் யோசிக்க வேண்டியிருந்தது.

ஆகையால் உன் யோசனை என்று சொல்லாதே. வியாழன் மாலை, இங்கே ஆறு மணிக்கு, அவன் சித்தி வீட்டுக்குக் கிளம்புவான். அதற்குள் கூப்பிடு. அம்மா பெயிண்ட் அடித்துவிட்டாள், போல்ட்டுக்கு அடியில், இரண்டு கை என்று சொல். அவன் சுரண்டியது சரிதான், அவன் கையில் ஒரு தப்பும் இல்லை, அம்மா எழுதியிருக்கிறாள் என்று சொல். நான் அப்போது சமையலறையில்தான் இருப்பேன். அவன் வந்து கேட்டால் ஆமாம் என்று சொல்ல என்னால் முடியும். தொடங்கத்தான் முடியவில்லை.

சனிக்கிழமை நான் உன் சித்தியின் பக்கத்தில் நிற்பேன். குரலை அடக்கு, மற்றவர்கள் பாட்டு கேட்கவில்லை என்று அறுபது வருடமாக அவளை இடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை அவள் இஷ்டத்துக்குப் பாடட்டும்.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள். நீ நீண்ட நாள் நன்றாக இரு. ஆறு மணிக்கு முன்னால், மறந்துவிடாதே அம்மா.

உன் அம்மா