பதினோராவது பாடம்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு துணிக்கடையின் மாடியில் கணினிக் கடை ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானங்களில் அங்கே போய் உட்காருகிறேன். இந்த வயதில் எனக்கு மறுபடியும் படிப்பு. கல்வியியலில் ஒரு டிப்ளோமா, இணையத்தின் வழியாக நடத்துகிறார்கள். விரிவுரை திரையில் வருகிறது, ஒப்படையையும் அதே திரை வழியாகத்தான் அனுப்ப வேண்டும். பெருமழை பெய்தால் இணைப்பு அறுந்துவிடும். ஹட்டனில் மழை இல்லாத சனிக்கிழமை எத்தனை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் ஒரு பாடத்தை முடித்து மூடியபோது திரையின் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது. தொடங்கிய நேரம் இரண்டு பத்து, முடித்த நேரம் மூன்று ஐந்து. நான் கேட்காமலே அது குறித்து வைத்திருக்கிறது. பிறகு அந்த மத்தியானம் முழுவதும் ஒன்றும் படிக்காமல் உன்னையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தாளின் மூலையில் நேரம் எழுதுவது உன் பழக்கம். "எத்தன மணிக்கு ஆரம்பிச்சோம், எத்தன மணிக்கு முடிச்சோம்னு எழுதி வய்யி புள்ள. தேதியும் போடு. இல்லாட்டி நேரம் எங்க போச்சுன்னே தெரியாது" என்பாய். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. சம்பளத்துக்குக் கைநாட்டு வைப்பது போல இது என்ன என்று கேட்டேன். ஒரு மாதத்துக்குப் பிறகு என் தாள்களை வரிசையாக அடுக்கிக் காட்டினாய். நான் மூன்று மணி நேரம் படித்ததாகச் சொல்லிக்கொண்ட நாட்களில் எல்லாம் ஒரு மணி நேரத்தைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகு எழுதப் பழகிக்கொண்டேன். யோசிக்காமலே கை எழுதிவிடும் அளவுக்குப் பழகிவிட்டேன்.

அது தொண்ணூறுகளின் கடைசி. நோர்வூட்டுக்கு மேலே நம் தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வீட்டு வரிசைகளில், மேல் லயத்தில் நீ, கீழ் லயத்தில் நான். ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை முடித்த கையோடு ஆசிரியர் நியமனம் கிடைத்து இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தோம். வெளிவாரிப் பட்டப்படிப்புக்குப் பதிந்தது உன் யோசனைதான். நம் பள்ளிக்கூடத்துக்கு ஏ.எல். வகுப்பு வரப்போகிறது என்று பேச்சு இருந்தது. அது வரும்போது பொருளியல் சொல்லிக்கொடுக்க நீ தயாராக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாய். "யாழ்ப்பாணத்துல இருந்து ஒரு சேர் வருவாரு, ரெண்டு வருசத்துல மாத்தல் வாங்கிட்டுப் போயிருவாரு. நம்ம புள்ளைங்களுக்கு நம்மதான் நிக்கணும்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாய். வேறு யாரிடமும் அந்த ஆசையை நீ சொன்னதில்லை.

தபாலில் வந்த விரிவுரைக் கட்டைப் பார்த்து நான் பயந்துபோனேன். நீ கத்தரிக்கோலை எடுத்துத் தைத்திருந்த நூலை வெட்டி, கட்டை நாலு நாலு தாளாகப் பிரித்துவிட்டாய். "நேரம் வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்தா வராது. இருக்கிற நேரத்துக்கு ஏத்தாப்புல பாடத்த நறுக்கிக்கணும்" என்றாய். விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு ஆட்கள் கிளம்பும் முன் நாலு தாள். பீலியில் தண்ணீருக்கு வரிசை நிற்கும்போது இரண்டு தாள். ஒரு கையில் வாளியும் ஒரு கையில் பொருளியலுமாக நின்ற நம்மைப் பார்த்து லயத்துப் பெண்கள் சிரித்தார்கள்.

பாடங்களையும் பங்கு போட்டோம். பொருளியலில் பதினான்கு பாடம். முதல் ஏழு உனக்கு, பின் ஏழு எனக்கு. படித்ததை மற்றவருக்குச் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும், கேட்பவர் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும், பதில் வராவிட்டால் மறுபடி படிக்க வேண்டும். லயத்திலிருந்து பஸ் பாதைக்கு நடக்க அரை மணி நேரம். காலையில் இறங்கும்போது உன் பாடம், மாலையில் ஏறும்போது என் பாடம். "ஒன் பாடமெல்லாம் எனக்கு மூச்சு வாங்கிக்கிட்டேதான் ஞாபகம் வருது" என்று கேலி செய்வாய். என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாகப் படித்தது அந்த ஏற்றத்தில்தான்.

தங்கச்சியின் கல்யாண வாரத்தில் என்னால் எதையும் தொட முடியவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஏறும்போது, "பதினொண்ண ஆரம்பி" என்றாய். படிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது. "அது பரீட்சைக்கு வராது புள்ள. பழைய பேப்பர் எல்லாம் பாத்துட்டேன்" என்றேன். ஒரு பேப்பரையும் நான் பார்க்கவில்லை. நீ ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், "நீ பாத்தா சரிதான். விட்ருவோம்" என்று பன்னிரண்டாவதுக்குப் போய்விட்டாய்.

பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்த நேரம், பயத்தில் அந்தப் பாடத்தை எடுத்துப் படித்தேன். சர்வதேச வியாபாரம். நன்றாக வரும் பொருளை ஒவ்வொரு நாடும் தான் செய்துகொண்டு, மற்றதை மாற்றிக்கொள்வது. அழகான பாடம். ஒரே மூச்சில் குறிப்பு எழுதி முடித்தேன். மறுநாள் காலையில் முதல் வேலையாக உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அன்று நினைத்தேன்.

மறுநாள், ஹட்டன் கருத்தரங்கில் நாம் எழுதிய மாதிரிப் பரீட்சையின் விடைத்தாள்கள் வந்தன. உனக்கு எழுபத்தொன்று, எனக்கு ஐம்பத்து நான்கு. உன் விடை ஒன்றை விரிவுரையாளர் எல்லோருக்கும் வாசித்துக் காட்டச் சொல்லிக் குறிப்பு எழுதியிருந்தார். அது என் பங்குப் பாடம். நான் ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னதை, என்னைவிட நன்றாக நீ எழுதியிருந்தாய். அந்த நிமிஷத்தில் எனக்கு வந்தது பொறாமைதான், வேறு பெயர் வைக்க மாட்டேன். பதினோராவது பாடத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மிச்சமிருந்த பதினொரு நாளில் எத்தனை தடவை ஏறி இறங்கினோம்! ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

கண்டியில் இறுதிப் பரீட்சை. கட்டாயக் கேள்வியே பதினோராவது பாடத்திலிருந்து வந்தது. திரும்பி வரும்போது கினிகத்தேனையில் தேத்தண்ணிக்காக பஸ்ஸை நிறுத்தினார்கள். நீ இரண்டு வடை வாங்கி வந்து ஒன்றை என் கையில் வைத்தாய்.

"ரெண்டு பேருக்கும் நாமம் போட்டுட்டான் புள்ள. மொகத்த தொங்கப் போடாத. நீ என்னா பண்ணுவ, கட்டாயமா வரும்னு யாரு கண்டா?"

என்னை நீ தேற்றினாய். நான் வடையைத் தின்றேன். "ஆமா" என்று மட்டும் சொன்னேன்.

பெறுபேறு வந்தபோது நான் எல்லாப் பாடத்திலும் சித்தி. நீ பொருளியலில் மட்டும் தவறிவிட்டாய். லயத்துக்கு ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எப்பிடி புள்ள தப்பிச்ச?" என்று கேட்டாய். ஏதோ கிறுக்கி வைத்தேன் என்றேன். அடுத்த வருஷம் நீ மறுபடி எழுத வேண்டியிருந்தது. உதவி செய்கிறேன் என்று நானே கேட்டேன். பிராயச்சித்தம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து பதினோராவது பாடத்தை உனக்குச் சொன்னேன். நீ கேட்கக் கேட்கச் சிரித்தாய். "ஒருத்தரு தேயில, ஒருத்தரு துணி. செஞ்சு மாத்திக்கிறது. அட, இது நம்மளப் பத்தித்தான் எழுதியிருக்கான்!" குறிப்பை வாங்கிக்கொண்டு போகிறேன் என்று கை நீட்டினாய். கொடுத்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நீ தாளை நேராகப் பிடித்து, வழக்கம்போல முதலில் மூலையைப் பார்த்தாய். தேதி இருந்தது, பரீட்சைக்கு முந்தையது. தொடக்கம் இரண்டே கால், முடிவு நாலு நாற்பது. என் கையெழுத்து.

நீ அதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு தாளை மடித்து என் மடியில் வைத்தாய். "நல்லா எழுதியிருக்க" என்றாய். அம்மா தேடுவார்கள் என்று எழுந்து போனாய்.

மறுநாள் காலையில் நீ ஆறு மணி பஸ்ஸில் போய்விட்டாய் என்று சொன்னார்கள். அதற்கு மறுநாளும் அப்படியே. நம்முடைய பஸ் ஆறரை. கேட்டபோது, "அம்மாவுக்கு வெள்ளனவே முழிப்பு வந்துருது டீச்சர், நானும் அதோடயே கெளம்பிர்றேன்" என்றாய். பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் முன்னால் நாம் எப்போதும் டீச்சர் டீச்சர் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அன்று பக்கத்தில் யாரும் இல்லை. அதற்குப் பிறகு நாலு வருஷம், ஒரே ஓய்வறையில், நீங்க வாங்க என்று மரியாதையாகப் பேசினாய். அரை மணி நேர ஏற்றத்தில் நான் தனியாக ஏறினேன்.

நீ ஏழு பாடத்தை அல்ல, பதினான்கையும் தனியாகவே படித்து, என்னைவிட நல்ல புள்ளியோடு சித்தியடைந்தாய். அதற்குள் ஏ.எல். வகுப்பு வந்துவிட்டது. அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் பட்டதாரி நான் ஒருத்திதான், அதனால் பொருளியல் எனக்கு வந்தது. நீ கடைசி வரை ஐந்தாம் வகுப்பிலேயே இருந்தாய். வகுப்பை உனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று அதிபரிடம் நான் கேட்டிருக்கலாம். இரண்டு தடவை அவருடைய அறை வாசல் வரை போயிருக்கிறேன். உள்ளே போகவில்லை.

இப்போது நம் தோட்டத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். லீவில் வரும்போது எப்படிப் படிப்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். பெரிய கட்டை நறுக்கிக்கொள்ளுங்கள், நேரத்தைக் குறித்து வையுங்கள், படித்ததை யாருக்காவது சொல்லிப் பாருங்கள் என்று உன் வழிகளை எல்லாம் என் வழிகளாக எடுத்துவிடுகிறேன். போன மாதம் ஒருத்தி, "நீங்க யாருக்கு சொன்னீங்க டீச்சர்?" என்று கேட்டாள். ஒரு சிநேகிதிக்கு என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். என் டிப்ளோமாவிலும் பாடத்துக்குப் பாடம் சக மாணவரோடு கலந்துரையாடுக என்று திரையில் எழுதியிருக்கிறது. நானும் எதையாவது எழுதிப் போடுகிறேன். யாரோ ஒருவர் நன்றி என்று பதில் போடுவார். ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

அந்த நாலாவது வருஷத்தின் கடைசியில், உனக்கு உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் வந்தேன். வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்தேன். நீ பாதியாகிப் போயிருந்தாய். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஒங்கிட்ட ஒன்னு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். நீ கையைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தினாய்.

"அந்தப் பாடத்தப் பத்தித்தான? வேணாம். நீ சொன்னா நான் பரவால்லன்னு சொல்லணும். எனக்கு அப்பிடிச் சொல்ல மனசு வரல புள்ள."

கோபமாகச் சொல்லவில்லை. இருந்ததை இருந்தபடி சொன்னாய். பிறகு தண்ணீர் கேட்டாய். தலையைத் தாங்கிப் பிடித்துக் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்பை யார் பார்க்கிறார்கள் என்று விசாரித்தாய். பார்வையாளர் நேரம் முடிந்து நர்ஸ் வந்து அனுப்பும் வரை உட்கார்ந்திருந்தேன். மூன்று வாரத்தில் நீ போய்விட்டாய்.

அன்று நீ பரவாயில்லை என்று சொல்லியிருந்தால், அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக நோர்வூட் பஸ்ஸில் ஏறியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை உன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு மறந்திருப்பேன். நீ சொல்லவில்லை, இப்போதும் உன்னிடம் நான் அதைக் கேட்கவில்லை. வாயால் சொல்ல நீ விடாததை எழுதித்தான் வைக்க வேண்டியிருக்கிறது. பரீட்சைக்குப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் நான் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டேன். தெரிந்தேதான் உனக்குச் சொல்லாமல் விட்டேன்.