தேங்காய்ப்பால் குடித்த மித்ரா

மித்ரா அப்பா,

நம்ம பிள்ளை நேற்று ஒரு தம்ளர் தேங்காய்ப்பால் முழுவதும் குடித்தாள்! மாட்டுப்பால் குடித்தால் வரும் வயிற்றுவலி இதற்கு வரவேயில்லை. "அம்மா, எனக்கும் வெள்ளை மீசை வந்துடுச்சே!" என்று கண்ணாடி முன்னால் ஒரே குதி.

மீதியை ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். டியூட்டி முடிந்து வந்ததும் நாலு கட்டியை எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். உருகும்போது திரிந்ததுபோலப் பிரியும். கெட்டுப்போகவில்லை, நன்றாகக் கலக்குங்கள். லேசாகச் சூடாக்கினால் போதும். மிஞ்சினால் மறுபடி ஃப்ரீசரில் வைக்க வேண்டாம்.

சாயங்காலம் உங்கள் அக்கா பால்கோவாவோடு வருவார்கள். "ஒரு வாய்தானே" என்று மித்ராவுக்கு ஊட்டப் போனால் இந்தத் தடவை நீங்களே தடுங்கள். முந்தாநாள் நான் உங்களோடு சண்டை போட்டது நீங்கள் தடுக்காததற்குத்தான்.

கலைச்செல்வி

தோசை ஹாட்பாக்ஸில் இருக்கிறது. என் கோபம் அன்றைக்கே போய்விட்டது, சொல்லத்தான் வெட்கம்.