வெர்ப் இல்லாத வரி

செப்டம்பர் 9, திங்கள்

கோட்டாறு கோச்சிங் சென்டரில் என்னிடம் நர்ஸ் பேட்ச், எட்டுப் பேர். வெளிநாட்டு வேலைக்கான இங்கிலீஷ் பரீட்சை இருபத்தொன்றாம் தேதி. அவர்களில் இசபெல் எழுதியிருந்தாள்: ‘ஹெர் ஃபேஸ் பேல், த பேஷண்ட் சாட் அப்.’ முகம் வெளுப்பு, நோயாளி எழுந்து உட்கார்ந்தாள் என்கிற மாதிரி. முன்பாதியில் வெர்ப் — வினைச்சொல் — இல்லை. சிவப்பில் அடித்து, ‘வாஸ்’ போடணும் என்று எல்லோருக்கும் சொன்னேன்.

“வார்டு நோட்ல இப்பிடித்தானே மிஸ் எழுதுவோம்? இதுக்குப் பேரு என்ன?” என்றாள்.

“தப்புன்னு பேரு” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் நல்லாத்தான் இருந்தது.

செப்டம்பர் 10

உண்மையில் எனக்குப் பேர் தெரியாது. தெரியாதுன்னு சொல்லியிருந்தா என்ன, வாய் வெந்தா போயிருக்கும்?

செப்டம்பர் 17, செவ்வாய்

பழைய இலக்கணப் புத்தகத்தில் கிடைத்தது. அப்சொல்யூட் ஃப்ரேஸ். ஒரு பொருள், அதன் நிலை, அவ்வளவுதான், வெர்ப் வேண்டாம். மொத்த வாக்கியத்துக்கும் துணையாக நிற்கும். தமிழில் நாள் முழுக்க வெர்ப் இல்லாமல்தானே பேசுகிறேன்!

இன்றைய எட்டுத் தாளிலும் ‘ஹெர் ஃபேஸ் வாஸ் பேல்’ என்று எழுதி, வெறும் கமாவால் அடுத்த வாக்கியத்தை ஒட்டியிருக்கிறார்கள். ‘வாஸ்’ வந்ததும் அது தனி வாக்கியம், கமா போதாது; இதுதான் தப்பு. சரியாக இருந்ததை நானே கெடுத்தேன்.

செப்டம்பர் 18

சென்டர் நடத்தும் ராஜையன் சாரிடம் சொன்னேன். “பரீட்சைக்கு மூணு நாள்தான் டீச்சர். இப்ப மாத்திச் சொன்னா பிள்ளையெல்லாம் பயந்துரும், சென்டர் பேரும் போவும். பேசாம இருங்க.”

இருந்தேன். சீ.

செப்டம்பர் 20, வெள்ளி

நேற்றோடு வகுப்பு முடிந்தது. பொறுக்கவில்லை. மணவாளக்குறிச்சிக்கு பஸ் ஏறி, இசபெல் வீட்டு வாசலில் நின்றே சொன்னேன்.

“அன்னைக்கே போன்ல தேடிப் பாத்துட்டேன் மிஸ்.”

“பின்ன எதுக்கு மக்கா ‘வாஸ்’ போட்ட?”

“உங்ககிட்ட குடுக்குற தாள்ல உங்களுக்குப் பிடிச்ச மாதிரி எழுதினேன். பரீட்சையில சரியா எழுதுவேன். மத்த ஏழு பேருக்கும் யாரு சொல்லுவா?” என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டேன். ஆறு பேர் எடுத்தார்கள். “இப்பவா மிஸ் சொல்லுதிய?” என்றாள் ஒருத்தி. ஏழாமவள் சுனிதா போனை அணைத்துவிட்டுப் படிக்கிறாளாம். என் தப்பை மெசேஜாக எழுத — கை வரவில்லை.

செப்டம்பர் 21

காலை ஏழு மணி. சுனிதா இன்னும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

ராஜையன் சாருக்கு விஷயம் போய்விட்டது. இனி வர வேண்டாமாம். சரி என்றேன்.

மத்தியானம் சுனிதா மெசேஜ்: ‘கால் இப்பதான் பாத்தேன் மிஸ். நீங்க சொன்ன மாதிரி எல்லா இடத்துலயும் வாஸ் போட்டுட்டேன். சந்தோஷமா?’