அறுபத்திரண்டு விழுக்காடு

நாலாம் ஊர்தி, பயணக் குறிப்பேடு.
எழுதுபவன்: அம்பலவாணன், மின்சுற்றுப் பொறுப்பாளன், செங்கரைக் குடியிருப்பு, செவ்வாய்.

நாள் 2214 | 09:10
செங்கரையிலிருந்து 212 கிலோமீட்டர். வடமேட்டு வானிலைக் கம்பத்திற்கு இன்னும் 98. தூசு குறைவு. திருநீறணிந்து ஒரு பதிகம் ஓதி எஞ்சினை முடுக்கினேன். மூன்றாம் முயற்சியில் எழுந்தது. ஊர்திக்கு முப்பத்தொரு வயது, எனக்கு அறுபத்தொன்பது. இருவர்க்கும் காலையில் முதுகு பிடிக்கிறது.

கண்டெடுப்பவர் அறிய: இது மீத்தேனில் ஓடும் எஞ்சின். இக்கோளின் காற்று தீயை வளர்க்காது. ஆதலின் எரிவதற்கான ஆக்சிஜனும் தொட்டியிலிருந்தே வருகிறது. ஓட்டுபவன் மூச்சும் அதே தொட்டியிலிருந்துதான்.

நாள் 2214 | 11:40
240 கிலோமீட்டர். ஏற்றத்தில் எஞ்சின் திணறி நின்றது. பிழைக்குறி 172: கலவையில் ஆக்சிஜன் போதாது. தொட்டி மானி 62 விழுக்காடு காட்டுகிறது. தொட்டி பாதிக்குமேல் நிறைந்திருக்க, எஞ்சின் மட்டும் பட்டினி என்பது பொருந்தவில்லை. புகைக்குழாய் சென்சார் பழுதாகியிருக்கலாம்; இவ்வகை ஊர்திகளில் முதலில் கெடுவது அதுவே.

நாள் 2214 | 13:20
புகைக்குழாய் சென்சாரை மாற்றினேன். அதே பிழைக்குறி. கழற்றியதை மேசையில் வைத்துச் சோதித்தேன், குறையில்லை. ஒயரைக் கையால் அசைத்து அசைத்துப் பார்த்தேன். அறுபடவில்லை. எர்த் நன்று. ஐந்து வோல்ட் ஒழுங்காக வருகிறது.

எஞ்சிய இடம் ஒன்றே: தொட்டி மானியின் ஒயர்கள் கூடும் ஜங்ஷன் பாக்ஸ். அதன் மூடியின் விளிம்பில், பெட்டியையும் மூடியையும் சேர்த்து, சந்தனமும் குங்குமமும் இட்டிருக்கிறது. ஆறு நாட்களுக்கு முன் ஆயுத பூசையில் கோமதிநாயகம் தன் கையால் இட்ட பொட்டு. பயணம் முடியும்வரை அதை அழிப்பது எங்கள் வழக்கமன்று. திறக்கவில்லை.

நாள் 2214 | 16:05
பட்டறைக் கோபுரத்துடன் தொடர்பு கிடைத்தது. கோமதிநாயகமே பேசினான். அவன் பட்டறைத் தலைவன். காலஞ்சென்ற என் மனைவி ஆவுடையம்மாளின் தம்பி. ஒன்பது வயது முதல் எங்கள் வீட்டில் உண்டு வளர்ந்தவன்.

"என்னத்தான், கெழவனும் கெழவியும் சண்ட போட்டு நடுவழில நின்னுட்டீயளா?"

பிழைக்குறியைச் சொன்னேன். 

"மானி அறுவத்திரண்டுன்னா தொட்டில இருக்குன்னு அர்த்தம். பொகைக்கொழா சென்சாரு பொய் சொல்லுது, அதப் போட்டு நோண்டாதீய. நாளைக்கு விடிய காந்திமதி மூணாம் வண்டிய எடுத்துட்டு வாறா. சும்மா சாஞ்சு கெடங்க."

காந்திமதி என் ஒரே மகள். செடி ஆய்வாளர். எஞ்சினைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அதன் ஓசைதான்.

நாள் 2215 | 07:30
இதை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

காலையில் தொட்டியின் மேலிருந்த சென்சாரின் கனெக்டரைக் கழற்றினேன். மானி சுழியத்துக்கு விழ வேண்டும். விழவில்லை. 62. தொட்டியோடு தொடர்பே இல்லாத மானி 62 என்கிறது. மீட்டரை வைத்தேன்: 3.1 வோல்ட், இம்மியும் அசைவில்லை.

ஐந்தெழுத்தை ஓதிப் பொட்டை அழித்தேன். பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே சென்சாரின் ஒயர் வெட்டப்பட்டு முனை மடித்துக் கட்டப்பட்டிருக்கிறது. அதன் இடத்தில் இரண்டு ரெசிஸ்டர்கள். கடுகளவுப் பொருள்கள், என்றைக்கும் 62 என்று மட்டுமே சொல்லக் கற்றவை. பற்றவைப்பு மிக நேர்த்தி. மேலே காப்புறை இரண்டு சுற்று. செங்கரையில் இரண்டு சுற்று சுற்றுபவன் ஒருவனே.

தொட்டியைச் சுத்தியலால் தட்டினேன். அடிவரை வெற்றோசை. நேரடியாக அளந்தேன்: நான்கு விழுக்காடு. எஞ்சினை ஓட்ட அது போதாது. எனக்குப் பன்னிரண்டு மணி நேர மூச்சு.

மெய் சொன்ன சென்சாரை நேற்றெல்லாம் குற்றவாளியாக்கினேன். புறப்படும்போது மானியை நான் பார்க்கவில்லை. "பாத்துட்டேன் அத்தான்" என்றான். அது போதுமாயிருந்தது.

நாள் 2215 | 08:15
கோபுரம். நான் கேட்டது ஒன்றே: பெட்டியில் ரெசிஸ்டர் வைத்தது யார்?

"அத்தான்... பூசைக்கு மறுநா சோதனை அதிகாரி வாறதா இருந்துச்சு. நாலு வண்டியும் ஓடுதுன்னு காட்டலன்னா பட்டறைய என் கையிலருந்து பிடுங்கிருவாங்க. புது சென்சாரு அடுத்த கப்பல்ல வருது. ஒரே ஒரு மாசம். தொட்டிய நெரப்பி அனுப்பச் சொன்னேனே, பயலுவ நெரப்பலயா?"

பொட்டு எதற்கு என்று கேட்டேன்.

"நீங்க தொட மாட்டீயன்னு தெரியும்."

காந்திமதியின் ஊர்தியிலும் வைத்தாயா என்றேன்.

"இல்ல. இல்ல அத்தான். மூணாம் வண்டி சுத்தம். ஆவுடையக்கா மேல சத்தியம். அவ அஞ்சு மணிக்கே கெளம்பிட்டா. இத மட்டும் குறிப்புல எழுதிராதீய, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எழுதிவிட்டேன்.

நாள் 2215 | 09:50
திருநீற்றுக் கோலத்தில் வந்த பகைவனிடம், அக்கோலத்தை வணங்கியே உயிர்விட்ட அரசனின் வரலாற்றை எத்தனை மேடைகளில் விரித்துரைத்திருப்பேன்! குத்தியவனை ஊறின்றி எல்லைவரை கொண்டுபோய் விடச் சொன்னான் அவன். அவ்விடத்தில் என் குரல் தழுதழுக்கும். முன்வரிசையில் கோமதிநாயகம் கண்ணைத் துடைத்துக்கொள்வான். எனக்கு அந்த மனம் வாய்க்கவில்லை. ஓத அமர்ந்தேன். இரண்டாம் அடி நினைவில் இல்லை.

நாள் 2215 | 11:20
ஐம்பது கிலோமீட்டருக்குள் வந்துவிட்டாள். இனிக் கோபுரம் வேண்டியதில்லை. ஊர்திக்கு ஊர்தி பேசலாம். ஒன்றின் மானியை மற்றொன்றின் திரையிலும் காணலாம்.

"அப்பா! காப்பி கொண்டாறேன். சீனி போடல, திட்டாதீங்க."

உன் தொட்டி மானி என்ன காட்டுகிறது என்று கேட்டேன்.

"அறுவத்திரண்டு. கெளம்பறப்பவும் அதான், இப்பவும் அதான். மாமா கைராசி! ஒரு சொட்டுகூடக் குறையல."

என் திரையிலும் கண்டேன். மூன்றாம் ஊர்தி: 62.

அக்காள் மேல் சத்தியம் செய்தான்.

நாள் 2215 | 11:55
நிறுத்தச் சொன்னேன். இருக்கைக்குப் பின்னுள்ள பெட்டியின் பொட்டை அழிக்கச் சொன்னேன்.

"பொட்ட அழிக்கவா? நீங்களாப்பா சொல்லுதீய?"

நான்தான் சொல்கிறேன் என்றேன். ரெசிஸ்டர்களை வெட்டி, மடித்த ஒயரை இணைக்க வைத்தேன்.  மானி விழுந்தது. 40.

திரும்பிச் செல்ல 38 வேண்டும். என்னிடம் வந்து திரும்ப 58. ஒன்றாம், இரண்டாம் ஊர்திகளின் எஞ்சின்கள் பட்டறையில் கழற்றிக் கிடக்கின்றன; பூட்ட ஒரு வாரம் ஆகும்.

கணக்கு அவளுக்கும் தெரியும். "நா வாறேம்பா" என்கிறாள். "ஒங்ககிட்ட எவ்வளவு இருக்கு? உண்மையச் சொல்லுங்க."

நாள் 2215 | 12:25
உபரிப் பெட்டியில் இன்னும் இரண்டு ரெசிஸ்டர்கள் இருந்தன. பற்றவைத்தேன். என் பற்றவைப்பு அவனுடையதைப் போல் நேர்த்தியில்லை.

அவள் திரையில் நாலாம் ஊர்தி 48 காட்டியது, இங்கிருந்து செங்கரை சேரப் போதுமான எண். அடைப்பு நீங்கியது, ஒயரைச் சரிசெய்துவிட்டேன், பின்னாலேயே வருகிறேன், நீ முன்னே போ என்றேன்.

அவள் சொன்னாள்: "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. சரிப்பா. காப்பிய நாந்தான் குடிக்கணும்."

திரும்பினாள்.

நாள் 2215 | 13:40
அவள் எல்லைக்கு வெளியே போய்விட்டாள். திரையில் மூன்றாம் ஊர்தி கடைசியாகக் காட்டியது 39. இறங்கிக்கொண்டிருந்தது. உண்மையான எண் இறங்கத்தான் செய்யும்.

கோபுரம் அழைக்கிறது. எடுக்கவில்லை. "அத்தான், அத்தான்" என்கிறான்.

நாள் 2215 | 19:05
எழுத்து கோணுகிறது, பொறுக்க. ஒன்றாம், இரண்டாம் ஊர்திகளின் பெட்டிகளையும் திறந்து பாருங்கள். பொட்டு இருந்தாலும் திறவுங்கள்.

திருநீறு இட்டுக்கொண்டேன். பெயர் ஒன்றும் நாவில் வரவில்லை. ஆவுடை பெயர் மட்டும்

கண்டெடுப்பவர்க்கு: பேனலில் எரியும் 48ஐ நம்ப வேண்டா. அந்தப் பொய் என்னுடையது. 62 அவனுடையது. இரண்டையும் ஒன்றாக எழுத