பட்டியலில் இல்லாத நாற்பத்தொரு பேர்

அரவேணு,
15.3.1987

பாசமுள்ள அக்கா தபித்தாளுக்கு,

தங்கை ஜூடித் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் மூவரும் சுகம். உன் சுகத்துக்கும், அத்தானின் இருமல் அடங்கவும் ஜெபிக்கிறோம். சுகம் விசாரித்தாயிற்று. இனி நான் கத்தப்போகிறேன், பொறுத்துக்கொண்டு படி.

இந்த வருஷம் பனி அதிகம். தேயிலைக் கொழுந்தெல்லாம் கருகி, இவர் வேலை செய்கிற பாக்டரியில் வாரத்துக்கு நாலு நாள்தான் மெஷின் ஓடுகிறது. இவரும் வீட்டிலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பயப்படுகிறார். பயப்படத்தான் வேண்டும். ஒரு வாரமாக எனக்கு அப்படிக் கோபம்.

போன கடிதத்தில் கம்ப்யூட்டர் வேலை ஒன்று வரும்போல் இருக்கிறது என்று எழுதியிருந்தேனே, அது போயிற்று. சிலோனிலிருந்து கப்பலில் வந்த குடும்பங்களின் கார்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு ஊட்டியில் ஓர் அரசாங்க ஆபீஸ் டெண்டர் விட்டது. எந்த ஆபீஸ் என்று எழுத மாட்டேன், தபாலை யார் பிரிக்கிறார்களோ. வீடு, கடன், தோட்ட வேலை எல்லாமே இனி அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் என்றார்கள். சர்ச் ஹாலில் என்னிடம் டைப் படித்த பன்னிரண்டு பெண்கள் சங்கமாகப் பதிந்து டெண்டர் போட்டோம். பன்னிரண்டு பேரும் கப்பலில் வந்த பிள்ளைகள். நம் ஜெஸிந்தாவும் வேலாயியும் கோயம்புத்தூர் போய் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்துவந்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

மெட்ராஸ் கம்பெனி ஒன்றும் டெண்டர் போட்டது. விலையில் பெரிய வித்தியாசமில்லை. அதனால் இருவருக்கும் ஒரே இருநூறு கார்டுகளைக் கொடுத்துப் பரீட்சை வைத்தார்கள். கம்பெனிக்கு ஒரு பிழைகூட இல்லையாம். எங்களுக்கு நாற்பத்தொரு பிழையாம். வேலை அவர்களுக்கே என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

நான் சும்மா இருப்பேனா? அடுத்த பஸ்ஸிலேயே போய் அந்த ஆபீஸில் சத்தம் போட்டேன். அங்கே காளிமுத்து என்று ஒரு கிளார்க், நல்ல மனுஷர். “ஏனுங்க டீச்சர், சத்தம் போட்டா ஆகுமுங்களா? மனு எழுதிக் குடுங்க. ரெண்டு பேரோட தாளையும் காட்டித்தானுங்க ஆகோணும்” என்றார். எழுதிக் கொடுத்தேன். ஜெஸிந்தா அங்கேயே உட்கார்ந்து, கார்டையும் தாளையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். மத்தியானத்துக்குமேல் தலை நிமிர்ந்து, “அம்மா, நான் இந்தியாவுக்கே வரலியாம்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். கம்பெனியின் தாளில் அவள் பேரே இல்லை.

விஷயம் இதுதான் அக்கா. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் பதினைந்து வயதாவது வித்தியாசம் இல்லாவிட்டால் அந்தக் கம்ப்யூட்டர் மெஷின் பிழை என்று சொல்லும். அன்றைக்குச் சிலோன் தோட்டத்து லயத்து வீடுகளில் நாமெல்லாம் என்ன செய்தோம்? புருஷன், பெண்டாட்டி, பிள்ளை என்றால்தான் ஒரே கார்டில் சேர்ப்பார்கள் என்று, விட்டுவிட்டு வர முடியாதவர்களையெல்லாம் பிள்ளைகள் என்று எழுதினோம். கீழ்லயத்துக் காத்தாயி தாயில்லாத மூன்று தங்கைகளையும் அப்படித்தானே கப்பலேற்றினாள்! ஆனால் உறவை மாற்றிச் சொன்ன நமக்கு வயதையும் மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வயது கேட்டார், உள்ளதைச் சொன்னோம். என் கார்டிலும் எனக்கு இருபது, ஜெஸிந்தாவுக்கு ஏழு.

எங்கள் பெண்களுக்கு அந்த வயதுகளைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஒரு பேரையும் தொடாமல் கார்டில் உள்ளபடியே ஏற்றி, ‘குடும்பத்தாரைக் கேட்கவும்’ என்று சீட்டு எழுதிக் குத்தினார்கள். அதுதான் நாற்பத்தொரு பிழை. கம்பெனிக்காரன் என்ன செய்தான் தெரியுமா? மெஷின் ஒத்துக்கொள்ளாத நாற்பத்தொரு பேரையும் எடுத்தே போட்டுவிட்டான். ஆளே இல்லையென்றால் பிழை ஏது? அடப்பாவிகளா! கப்பலில் வாந்தியெடுத்து, மண்டபம் கேம்பில் வரிசையில் நின்று வந்த உயிர்கள் அக்கா.

சூப்பரிண்டெண்டெண்டிடம் தாளைக் காட்டினேன். கார்டில் பொய் எழுதிக் கொடுத்தது நீங்கள், கம்பெனி அதைத் திருத்தியிருக்கிறது என்று என் மூஞ்சிக்கு நேராகச் சொன்னார். அன்று சிலோனில் பஞ்சம் வந்தபோது மரவள்ளிக் கிழங்குக்கும் வழியில்லாமல் பிள்ளைகள் சுருண்டு கிடந்ததை இவர் கண்டாரா? இருநூறு கார்டில் நாற்பத்தொரு பேர் என்றால், மொத்தக் கார்டிலும் எத்தனை ஆயிரம் பேரை இப்படித் திருத்துவார்கள் என்று கேட்டேன். அவர் பைலை மூடிவிட்டார்.

நாங்கள் மேல்முறையீடு கொடுத்துவிட்டோம். ஏப்ரல் இருபத்தேழாம் தேதி விசாரணை. விட்டுப்போன பேர்கள் உண்மையான ஆட்கள்தான் என்று ஒரு குடும்பமாவது வந்து சொல்ல வேண்டும். வீடு வீடாகப் போனேன். யாரும் வரவில்லை. பொய் எழுதியதற்கு ஜெயிலில் போடுவார்களோ, திருப்பி அனுப்புவார்களோ என்று நடுங்குகிறார்கள். காத்தாயி என் காலையே பிடித்துக்கொண்டாள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இவரும், நமக்கெதற்கு ஊர்வம்பு என்கிறார். ஆகவே நான்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் சர்ச்சுக்கு வருகிற வக்கீல் ஹெர்பர்ட் ஐயா, அரையும் குறையுமாகச் சொன்னால் ஜெஸிந்தாவுக்கே ஆபத்து என்கிறார். பெற்றவள் யார், எதற்காகக் கொடுத்தாள் என்று முழுதும் எழுத்தில் இருந்தால் அவள் பேரைக் காப்பாற்றலாமாம். பேசாமல் இருந்தால் பட்டியல் அச்சாகிவிடும். அப்புறம் இந்த நாட்டில் அவள் யார்?

அவளிடம் கேட்டேன். சொல்லும்மா, எனக்கு என் பேர் வேணும் என்றாள். அன்று உன்னைச் சிலோனிலேயே விட்டுவிட்டு நான் கப்பல் ஏறுமுன் என்னை அம்மா என்று கூப்பிட நாம் இருவரும் அவளைப் பழக்கினோமே, நினைவிருக்கிறதா? முதல் நாள் அவள் உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்றாள். மண்டபத்தில் காய்ச்சல் வந்தபோதுதான் தானாகக் கூப்பிட்டாள். அதற்கப்புறம் மாற்றிக் கூப்பிட்டதே இல்லை.

அதனால் அக்கா, இதைப் படித்ததும் தாமதிக்காதே. அவள் பிறந்த பதிவுப் பத்திரத்தின் நகல் ஒன்று எடு. ஜெஸிந்தா உன் வயிற்றில் பிறந்தவள், பஞ்சத்தில் பிழைக்கட்டும் என்று நீயே மனமொப்பி என்னிடம் கொடுத்தாய் என்று எழுதி, அங்குள்ள சமாதான நீதவான் ஜே.பி.யிடம் கையெழுத்து வாங்கி, ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு. அதை நான் எல்லார் முன்னாலும் நின்று படிக்கிறேன். என் குரலுக்கு என்ன ஆகுமோ, அது என் பாடு.

உன்னையும் அத்தானையும் கர்த்தர் காக்கட்டும். ஒன்றே ஒன்று, கவனமாகக் கேள். எழுதும்போது ‘என் மகள்’ என்றே எழுது. எனக்கு மனம் நோகுமே என்று பார்த்து, எப்போதும் எழுதுகிற மாதிரி ‘நம் மகள்’ என்று எழுதிவிடாதே. அது சட்டத்துக்கு ஆகாதாம்.

உன் தங்கை,
ஜூடித்