சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம்

கார் சாவி டிவி மேல் இருக்கிறது. ரசம் அடுப்பில், சுட வைத்துக்கொள்ளுங்கள். நான் லோக்கல் ரயிலில் தளேகாவ் போகிறேன். நாளைக்கு முரளிக்கு முதல் வருஷ திவசம். புருஷனும் இல்லாமல் வைஷு தனியாக எத்தனை வேலைதான் செய்வாள்?

இன்று டயர் மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ரிம் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவச் சொல்லுங்கள். மெஷினில் பிளாஸ்டிக் உறை மாட்டாமல் ஆரம்பித்தாலோ, இரும்பு லிவரைக் கையில் எடுத்தாலோ நிறுத்திவிடுங்கள். டயர்க்காரன் "குச் நஹி ஹோகா", ஒன்றும் ஆகாது என்பான். போன தடவையும் அதைத்தான் சொன்னான். நீங்கள் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள். லிவர் பட்டு ரிம் நெளிந்து வந்தது. "சின்ன நெளிசல்தான், விடு" என்று, காற்று கசியக் கசிய வாராவாரம் அடித்து ஓட்டினீர்கள். என் தம்பி முரளி வண்டி கேட்டபோது ஒரு வார்த்தை சொல்லாமல் சாவியைக் கொடுத்தீர்கள். லோனாவ்லா மலை இறக்கத்தில் அந்த டயரில்தான் காற்று இறங்கியது. அவன் திரும்பி வரவில்லை.

"டயர்க்காரன் பண்ணினதுக்கு நான் என்னடி செய்வேன்?" என்று நேற்றுக் கேட்டீர்கள். நாளைக்கு வைஷுவிடம் கேட்டுப் பாருங்கள்.

காஸை மூடிவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று. ஃப்ரிட்ஜில் நாலு எலுமிச்சம்பழம் இருக்கிறது. புது டயர் என்று சக்கரத்தடியில் வைக்காதீர்கள். போன தடவை நான்தான் வைத்தேன். குனிந்தபோது அந்த நெளிசலைப் பார்த்தேன். நானும் முரளியிடம் சொல்லவில்லை.